கூச்சப்பட யார் இருக்கிறார்கள்?

வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போதே பேராசிரியர் அறவாழிக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. இப்போதுதான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்து எல்லையைக்கூட வண்டி முழுசாகத் தாண்டவில்லை, அதற்குள் அடிவயிற்றில் அந்தப் பழைய கனம் வந்து உட்கார்ந்துகொண்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை போய்விட்டு வந்திருக்கலாம், ஆனால் வாசல் நிறையத் தோழர்கள் முஷ்டி உயர்த்தி நிற்கும்போது, நடுவில் மனைவி ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது, ஒரு நிமிஷம் பொறுங்கள், நான் கொல்லைப்பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று எந்த மனிதன் சொல்லுவான். அவர் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்தி வண்டியில் ஏறிவிட்டார். நெஞ்சு நிமிர்ந்ததெல்லாம் சரிதான், வயிறு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில், கோமதி. விடியற்காலையில்தான் போனாள், இப்போது உடல்தானமாக மருத்துவக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மார்பு வரைக்கும் இயக்கத்தின் கறுப்புக்கொடி, அதன்மேல் நாலைந்து மாலை, கொடிக்குக் கீழே கால்மாட்டில் பச்சைச் சுங்குடிச் சேலையின் ஓரம் கொஞ்சம் வெளியே தெரிகிறது. பக்கத்தில், அவர் தோளில் தோள் படாமல் ஒதுங்கி, கோமதியின் தங்கை உலகம்மாள், மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டு. அவள் பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள், “அத்தான், இங்கன ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுங்க. நான் ஓடிப்போய் ஒரு சொம்பு மோந்துட்டு வந்திருதேன். தலையில மட்டும் ஊத்திருதேன். யாரு பாக்கப்போறா?” அறவாழி பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். தோழர்களின் கார் ஒட்டிக்கொண்டே வந்தது, முன்னால் உட்கார்ந்திருந்த கதிரொளி அவரைப் பார்த்துத் துக்கத்தோடு தலையை அசைத்தார். “வண்டி எங்கயும் நிக்காது உலகு,” என்றார் அறவாழி, டிரைவருக்கும் கேட்கும்படியாக. சொல்லி முடித்ததும் அடிவயிறு ஒருமுறை சுருண்டு நிமிர்ந்தது. அந்த வார்த்தை தன் தலையிலும் சேர்த்து விழுந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நிற்காது என்றால் நிற்காதுதான். அவர் சொன்ன சொல் மாறாதவர், ஊரே அப்படித்தான் சொல்லும், கல்லூரியில் தத்துவம் படித்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும். காலையில் உலகம்மாள் வெந்நீர் போட்டுவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. அடுப்பில் பெரிய பானையை ஏற்றி, மஞ்சளும் சீயக்காயும் எடுத்து வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேலையால் மறைப்புப் பிடிக்கக் கூப்பிட்டு வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தோழர்கள் வந்துவிட்டார்கள். வராமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை அவர் விரட்டினார், அது ஈ மாதிரி மறுபடி வந்து உட்கார்ந்தது. வராமல் இருந்திருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாரோ என்னவோ. ஆனால் வந்துவிட்டார்கள். நடுக்கூடத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார், “குளிப்பாட்டுறதெல்லாம் சடங்கு. சடங்கு எதுவும் வேண்டாம்.” கதிரொளி நல்ல மனுஷர், மெதுவாகக் காதருகே வந்து, “சுத்தத்துக்காகன்னு வச்சுக்குவோமே ஐயா, ரொம்ப நாள் படுக்கையில இருந்தவங்க,” என்றார். ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அவர், உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. அறவாழி போகவில்லை. “சுத்தம்னுதான் எல்லாமே ஆரம்பிக்குது. அப்புறம் மஞ்சள், அப்புறம் நெல்லு, அப்புறம் நெய்ப்பந்தம். எங்கே நிறுத்துவீங்க?” என்று கேட்டார். அருமையாக வந்து விழுந்த வாக்கியம். நாலு பேர் தலையசைத்தார்கள். செத்துக் கிடக்கிறவளின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஒரு வாக்கியம் அருமையாக வந்ததற்காக உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஊறியதே, அது எங்கே ஊறியது, மூளையிலா, நாக்கிலா. உலகம்மாள் அடுப்பிலிருந்து பானையை இறக்கினாள். அந்த வெந்நீர் என்ன ஆயிற்று? ஆறிப்போய் இன்னும் அங்கேதான் இருக்கும். பெண்கள் கோமதியின் முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, இரவு உடுத்தியிருந்த நைட்டியின் மேலேயே சேலையைச் சுற்றிவிட்டார்கள். நைட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உலகம்மாளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாதது தோழர்களுக்குத்தான், அவர்களுக்காகத்தான் அவ்வளவும்.

கல்லிடைக்குறிச்சிக் கடைத்தெருவில் வண்டி மெதுவாகப் போயிற்று. யாரோ தோசை வார்க்கிற வாசனை உள்ளே வந்தது, அவருக்குப் பசித்தது. அசிங்கமாக, நாய்க்குப் பசிப்பது போலப் பசித்தது. இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, இது குடலின் அசைவு, துக்கமும் ஒரு அசைவு, இரண்டும் ஒரே வண்டியில் போகலாம் என்று அவர் தனக்கே பாடம் எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க எடுத்த பாடம்தானே. உடம்பு என்றும் மனம் என்றும் இரண்டு கிடையாது. வண்டிக்குள் டிரைவர் உட்கார்ந்திருப்பதுபோல உடம்புக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள், அந்த ஆளுக்குள் எந்த ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லட்டும். இப்படிச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். பிறகு அண்ணாந்து மின்விசிறியைக் காட்டுவார். சுவிட்சை அணைத்தால் அந்தக் காற்று எங்கே போகிறது? சொர்க்கத்துக்கா, நரகத்துக்கா? அடுத்த ஃபேனில் போய்ப் பிறக்கிறதா? எங்கேயும் போகவில்லை. இறக்கை சுற்றியதைத்தான் காற்று என்று சொன்னோம், மூளை வேலை செய்ததைத்தான் மனம் என்று சொன்னோம், நின்றால் நின்றது. இந்த ஃபேன் உதாரணம் வகுப்பிலிருந்து மேடைக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றி, அவருக்கே ஃபேன் பேராசிரியர் என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் வீட்டுக் கூடத்தில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தபோது, கோமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகிறபோக்கில், “சுத்துற ஃபேனை யாரும் தொடைக்க முடியாதுல்லா. நின்ன பொறவுதானே தொடைக்கணும்,” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தி ஸ்டூலில் ஏறி நின்று இறக்கை இறக்கையாகத் தூசி துடைக்கிறவள் அவள், அவளுக்கு ஃபேன் என்றால் அதுதான் ஞாபகம் வரும் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. கோமதியின் கால்கள் கொடிக்கு அடியில் சேர்ந்தாற்போல ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. இரண்டும் எப்படி ஒன்றாகச் சாய்கின்றன? குனிந்து பார்த்தார். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கிழிசல் துணியால் கட்டியிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் உலகம்மாள் கட்டியிருக்கிறாள். அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தவர், வாயைத் திறந்தால் வேறு ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து மூடிக்கொண்டார்.

வீரவநல்லூர் தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் உலகம்மாள், புழுதி அடிக்கிறது என்று. சாத்தியதும் அந்த வாடை மேலே வந்தது. வீட்டில் ஊதுபத்தி புகைந்தவரை தெரியவில்லை. ஊதுபத்தி கூடாது என்று அதையும் அவர்தான் அணைக்கச் சொன்னார். இப்போது சம்பங்கி மணத்துக்கு அடியில், கொஞ்சம் கொஞ்சமாக, வேறொரு வாடை. மாசக்கணக்கில் அந்த அறையில் இருந்த வாடைதான். அறையில் இருக்கும்போது அது நோயின் வாடை. இங்கே அது கோமதியின் வாடையாகிவிட்டது. மூக்கைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. இது வெறும் வேதிப்பொருள், அவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அவள் இல்லை என்றால் அவள் எங்கே? எங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லாதவளின் வாடை எப்படி வருகிறது? சரி, இதுதான் அவள். உடம்புக்கு அப்பால் ஒரு கோமதி கிடையாது என்று நாற்பது ஊரில் சொன்ன வாய்தானே, அப்படியானால் அவள் போகவே இல்லை, முழுசாக இங்கேதான் கிடக்கிறாள், ஒரு பொட்டு குறையாமல், நைட்டிக்குள் அழுக்கோடு. ஆத்மா பறந்துவிட்டது, இது வெறும் சட்டை என்று நம்புகிற உலகம்மாளோ சட்டையைத் துவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சட்டைதான் ஆளே என்று சொன்னவர் அதைத் தூக்கித் தெரியாத பையன்கள் கையில் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார். யாரோ ஒரு ஆள் எங்கேயோ ஒரு இடத்தில் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னை வெறுத்தார். வெறுத்துக்கொண்டே தலைப்பையும் யோசித்தார்.

உடல்தான விழா அன்று மேடையில் அவளும்தான் கையெழுத்துப் போட்டாள். அவர் போட்டார், பக்கத்தில் நின்ற அவளிடம் பேனாவைக் கொடுத்தார், கைதட்டல் நிற்பதற்குள் அவளும் போட்டாள். கைதட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் பேனாவைத் திருப்பிக் கொடுத்த பெண்ணை யாராவது பார்த்திருக்கிறார்களா. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, “ஏங்க, அங்க துணி இல்லாமதான் போட்டிருப்பாகளாமே,” என்றாள். “ஆமா. பிள்ளைகள் படிக்கணும்ல.” “ஆம்பளைப் பிள்ளைகளும் இருக்கும்லா.” “இருப்பாங்க.” தலையணையைத் தட்டிப் போட்டாள். பிறகு, “எனக்குக் கூச்சமா இருக்கும்,” என்றாள். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வாத்தியார் சிரிக்கிற சிரிப்பு. “செத்த பிறகு கூச்சப்பட அங்கே யார் இருக்கா கோமதி?” என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்றுதானே இத்தனை வருஷமும். அவள் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, “அப்ப சரி. குளிப்பாட்டியாவது அனுப்புங்க. அழுக்கோட அனுப்பிராதீய,” என்றாள். ம் என்றார். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. தூக்கம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் விளக்கை அணைத்தால்தான் ரவிக்கையைக் கழற்றுவாள். பிரசவ வார்டில் வலி பொறுக்காமல் கத்தும்போதும் ஒரு கை முழங்காலுக்குக் கீழே துணியை இழுத்துக்கொண்டே இருந்ததாம், நர்ஸ் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையும் இல்லை. இவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கூச்சம்தானோ என்று இப்போது ஒரு நினைப்பு ஓடியது, சொந்தமென்று வேறென்ன இருந்தது அவளுக்கு, புத்தகங்கள் எல்லாம் அவருடையவை, வந்த மனிதர்கள் எல்லாம் அவருடையவர்கள்.

பத்து நாளைக்கு முன்னால், இல்லை, அதற்கும் முன்னால், டாக்டர் வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நினைவு சுத்தமாக இல்லை சார், இனிமேல் திரும்பாது என்றார். அப்புறம் வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்காக நைட்டியை மேலே தூக்கினார். கோமதியின் வலதுகை எழுந்தது. கரண்டி பிடிக்கத் தெம்பில்லாத கை, ஒரு வாரமாக அசையாத கை, மெதுவாக, நடுங்கிக்கொண்டே வந்து, துணியைத் தேடிப் பிடித்து, கீழே இழுத்தது. உலகம்மாள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அறவாழியைப் பார்த்தார். “ரிஃப்ளெக்ஸ்தானே டாக்டர்?” என்று கேட்டார் அறவாழி. “ஆமா சார், அப்படித்தான் சொல்லணும்.” பார்த்தாயா என்று உலகம்மாளிடம் திரும்பி விளக்கவும் செய்தார், மனசு இல்லை, வெறும் பழக்கம், நரம்பு தானாகச் செய்கிறது, உள்ளே யாரும் இல்லை. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியைச் சரியாக இழுத்துவிட்டாள். சரி, உள்ளே யாரும் இல்லை. யாரும் இல்லாமலே கூச்சம் இருந்தது. மனம் இல்லாமல் ஒரு கை கூச்சப்படும் என்றால், அந்தக் கை இதோ இருக்கிறதே, கொடிக்கு அடியில். மனம் என்று தனியாக ஒன்று இருந்து, அதுதான் கூச்சப்பட்டது, அது பறந்துபோயிற்று என்றால் நிம்மதி. அந்த நிம்மதி அவருக்கு இல்லை, அதை அவரே அடித்துத் துரத்திவிட்டார். கொடிக்கு மேலே அந்தக் கை இருக்கும் இடத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அங்கே துணி அசைந்தது. வண்டியின் குலுக்கம்தான். வண்டியின் குலுக்கம்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். அவருக்கு பயமாக இருந்தது. எழுபது வயதில், பட்டப்பகலில், பெண்டாட்டியைப் பார்த்து பயமாக இருந்தது.

சேரன்மகாதேவியில் லெவல் கிராசிங் மூடியிருந்தது. வண்டி நின்றது. நிற்காது என்று சொன்ன வண்டி ரயிலுக்காக நின்றது. பக்கத்திலேயே கால்வாய், தண்ணீர் தளும்பிக்கொண்டு ஓடுகிறது, படித்துறையில் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அடிவயிறு இப்போது கல்லாகிவிட்டது, கல்லுக்குள் ஒரு ஊசி. கீழே இறங்கி அந்த வேலிக்கருவை மறைவுக்குப் போனால் போதும், ஒரு நிமிஷம், உயிர் வந்துவிடும். உயிர் வந்துவிடும் என்றா நினைத்தோம் என்று ஒரு குரல் உள்ளே நக்கலடித்தது. அவர் கதவுப்பிடியில் கையை வைத்தார். உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது, அதுதான் கொடுமை, அவள் கட்டைப்பைக்குள் கையை விட்டு, ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். “இறங்குங்க அத்தான், நானும் வாரேன். ரயில் வாரதுக்குள்ள வந்திரலாம். துணியை நனைச்சு உள்ளோட தொடைச்சாலே போதும், அவ கேட்டாள்லா, எங்கிட்டயும் சொன்னா. அழுக்கோட போயிருவேனோட்டின்னு கேட்டுக்கிட்டே கிடந்தா.” அவர் பின்கண்ணாடியைப் பார்த்தார். கார் பின்னாலேயே நின்றது. கதிரொளியும் மற்றவர்களும் இறங்கிக் கை கால்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் வேலியோரம் போய்ச் சாவகாசமாக நின்றார். அவருக்கு முடிகிறது. அவர் மனைவி செத்துப்போகவில்லை, அவர் எதையும் மறுத்துச் சொல்லவில்லை, வேலியோரம் நிற்கிறார். நான் எனக்காகத்தான் இறங்கப்போனேன் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு நிற்காத வண்டி எனக்கு நிற்கும் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வார்த்தை, சரி உலகு என்று ஒரே வார்த்தை, அவளுக்கும் தண்ணீர், எனக்கும் மறைவு, இரண்டும் நடந்துவிடும். “கதவு லூசா இருக்கான்னு பார்த்தேன்,” என்றார். பிடியிலிருந்து கையை எடுத்தார். உலகம்மாள் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். ரயில் போயிற்று. அதன் தடதடப்பு தரை வழியாக, டயர் வழியாக, பலகை வழியாக ஏறி அவருடைய மூத்திரப்பைக்குள் வந்து முடிந்தது.

அதற்குப் பிறகு பத்தமடையும் முன்னீர்பள்ளமும் எப்படிப் போயின என்று அவருக்குத் தெரியாது. துக்கம் போயிற்று, தத்துவம் போயிற்று, கோமதியும் போய்விட்டாள். உலகத்தில் அந்த ஒரு பை மட்டும் இருந்தது, உளுந்து மூட்டை கனத்துக்கு, அதைச் சுற்றி இறுக்கிக்கொண்டு ஒரு கிழவன். தொடைகளை நெருக்கினார், பல்லைக் கடித்தார், வாய்ப்பாடு சொன்னார். தான் என்று ஒருவன் இந்தப் பைக்கு வெளியே இருப்பதுபோலவும், அதைக் கெஞ்சுவதுபோலவும், கொஞ்சம் பொறு, இதோ வந்துவிட்டது என்று அதனோடு பேசுவதுபோலவும் இருந்தது. நீ யாரடா பேசுகிறது என்று அது திருப்பிக் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இல்லை. ஒரு வேகத்தடையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் காரிலிருந்து பார்த்தவர்கள் ஐயா அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். உலகம்மாள்கூட ஒரு கணம் அப்படி நினைத்து, பாவம் என்று, தன் தலைப்பை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோமதி உயிரோடு இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள், ஏங்க, போய்ட்டு வந்திருங்க என்று மெதுவாகச் சொல்லியிருப்பாள், பஸ் பிரயாணங்களில் எப்போதும் அவள்தான் டிரைவரிடம் போய்த் தனக்கென்று சொல்லி நிறுத்துவாள், தனக்கென்று, அவரைக் காட்டிக்கொடுக்காமல். அத்தனை கூச்சக்காரி, அத்தனை ஆண்களுக்கு நடுவில் எழுந்துபோய், தனக்கென்று. இது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய, அவளால் இப்போது எழுந்துபோக முடியாது.

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறை பின்பக்கம், வேப்பமரத்து நிழலில். முதலில் இறங்கி ஓடியிருக்க வேண்டும், ஆனால் இறங்கியதும் தோழர்கள் சூழ்ந்துகொண்டார்கள், இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. அங்கே வேலைபார்க்கிறவர், நரைத்த மீசைக்காரர், கையுறை மாட்டிக்கொண்டு கொடியையும் மாலையையும் எடுத்துக் கதிரொளியிடம் கொடுத்தார். சேலையைத் தளர்த்தினார். ஒரு கணம் நின்றார். மூக்கைச் சுளிக்கவில்லை, பழகியவர், ஆனால் திரும்பி வாசலுக்கு வந்து கேட்டார், “குளிப்பாட்டலியா சார்?” “சடங்கு எதுவும் செய்யலை,” என்றார் அறவாழி. “சடங்கு இல்லீங்க, சாதாரணமா. எல்லாரும் குளிப்பாட்டித்தான் கொண்டுவருவாங்க. போன மாசம்கூட உங்க இயக்கத்துக்காரங்க ஒருத்தங்க வந்தாங்க, அவங்க பிள்ளைகளே சோப்புப் போட்டு நல்லாக் குளிப்பாட்டிக் கொண்டாந்தாங்க.” கதிரொளி தரையைப் பார்த்தார். போன மாசம் இறந்த அந்த மூத்த தோழரை அறவாழிக்கும் தெரியும், அவருடைய இரங்கல் கூட்டத்தில் ஃபேன் உதாரணத்தைச் சொன்னவரே அறவாழிதான். உலகம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் வாரேன் அண்ணாச்சி. நானே செஞ்சிருதேன். சித்த நேரம்தான்.” “உள்ள வெளியாளுக வரக்கூடாதும்மா, கோவிச்சுக்காதீங்க. நாங்க பைப்புப் போட்டுக் கழுவிக்கிடுவோம்.” உள்ளே இன்னொருவன் இருந்தான், வயசுப் பையன், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். மீசைக்காரர் சேலையை உருவிச் சுருட்டிக்கொண்டு வந்து, துணியை வீட்டார்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறவாழியின் கையில் வைத்தார். கதவைச் சாத்தினார். அது முழுசாகச் சாத்தவில்லை.

உள்ளே குழாயைத் திறந்தார்கள். முதலில் சிமெண்டுத் தரையில் அடிக்கும் சத்தம், பிறகு ஏதோ ஒன்றின்மேல் அடிக்கும் சத்தம், மெத்தென்று, பிறகு இன்னொரு இடத்தில், பிறகு புரட்டும் சத்தம். அந்தப் பக்கம் பிடிலே என்று ஒரு குரல். தண்ணீர் சளசளவென்று ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அறவாழியின் உடம்பு அவரைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டது. சூடாக, தொடை வழியாக, நிறுத்த முடியாமல், ஐயோ என்று இருந்தது, அப்படி ஒரு சுகமாகவும் இருந்தது, வாழ்க்கையில் அப்படி ஒரு சுகத்தை அவர் அனுபவித்ததில்லை, உள்ளே அவளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி காலோடு ஒட்டியது. அப்போதுதான் கதிரொளி தொண்டையைச் செருமினார். “வீரவணக்கம் சொல்லிரலாம் ஐயா. நீங்க ரெண்டு வார்த்தை.” எல்லோரும் அரைவட்டமாக நின்று அவரையே பார்த்தார்கள். அவர் கை எழுந்தது. நினைத்து எழவில்லை, தானாக எழுந்தது, நடுங்கிக்கொண்டே. பச்சைச் சேலையைச் சுருள் பிரித்து, இடுப்பிலிருந்து முழங்கால்வரை முன்னால் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. “தோழர்களே,” என்றார். “அங்கே கூச்சப்பட,” என்று ஆரம்பித்தார், எங்கிருந்து அந்த வாக்கியம் வந்ததென்று தெரியவில்லை, அதற்கு மேல் குரல் வரவில்லை. சேலையை இன்னும் நெருக்கிப் பிடித்தார். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். இவ்வளவு பெரிய பகுத்தறிவாளருக்குள் இவ்வளவு பாசமா என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார், நாளைக்கு இயக்கப் பத்திரிகையில் வரும், சேலையை அணைத்தபடி பேராசிரியர். உலகம்மாள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், செருப்பைச் சுற்றித் தரையில் பரவிக்கொண்டிருந்த ஈரத்தை. அவள் கிட்டே வந்து, தொங்கிய சேலையின் ஓரத்தை அவர் கால்வரைக்கும் இழுத்துவிட்டாள், அக்காவுக்கு இழுத்துவிட்ட மாதிரியே. சத்தம் போடாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“நல்லாப் பிடிச்சுக்கிடுங்க அத்தான். கூச்சமா இருக்கும்லா.”

அவர் பிடித்துக்கொண்டார். உள்ளே தண்ணீர் இன்னும் நிற்கவில்லை.